உப்பு வேர்த்த நாள்

17.4.2005, ஞாயிறு

பூசை முடிந்ததும் நேராகப் பாண்டிச்சேரி பஸ். இவருக்கு எடை தூக்கும் இரும்பு வாங்க. என் கல்யாணப் புடவைக்குக்கூட இவர் இத்தனை நேரம் கடையில் நின்றதில்லை. கோட்டக்குப்பத்தில் ஜிம் வைத்திருக்கும் பலராமன் மாஸ்டர் வழியில் ஏறிக்கொண்டார். ஜனவரியில் மாவட்ட வலுதூக்கும் போட்டி. ஜெயித்தால் ஒரு மில்லில் வேலை வாங்கித் தர ஆள் இருக்கிறாராம். உப்பு மூட்டை ஏற்றும் பிழைப்பு இவரோடு முடியும் என்றால் நான் எத்தனை கடை வேண்டுமானாலும் ஏறுவேன்.

கடைக்காரர் முதலில் மெஷினைக் காட்டினார். கப்பியில் எடை ஏறி இறங்குகிறது. கை விட்டாலும் மேலே விழாதாம்.

"உப்பு மூட்டை இன்னா கப்பியிலயா வருது? அது ஒரு பக்கம் சரியும். நாமதான் புடிச்சு நிக்கணும். எனக்கு ராடுதான் வேணும்" என்றார் இவர். கடையே திரும்பிப் பார்த்தது. உப்பளத்தில் நாலு பாத்தி தள்ளிக் கேட்கிற தொண்டை கடைக்குள் அடங்குமா? மாஸ்டரும் ராடுதான் என்றார். போட்டியிலும் அதுதானாம்.

சிமெண்டு அடைத்த பிளாஸ்டிக் பிளேட்டு வேண்டாம், வார்ப்பிரும்பு போதும். குழாய் வேண்டாம், கெட்டி ராடு. எல்லாவற்றையும் சட்டி வாங்குவது மாதிரி தட்டிப் பார்த்தேன். பிளேட்டு நழுவாமல் இருக்க ஸ்பிரிங் கிளிப்பா, திருகுகிற லாக்கா என்று கேட்டபோது திருகுகிறதே கொடுங்கள் என்றது நான்தான்.

19.4.2005

மாட்டுக் கொட்டாயைக் கழுவி, பெஞ்சு போட்டாயிற்று. மாஸ்டர் இரண்டு விஷயம் சொல்லிவிட்டுப் போனார். படுத்துத் தூக்கும்போது தலைமாட்டில் ஆள் நிற்க வேண்டும். ஆள் இல்லையென்றால் லாக் போடக்கூடாது. முடியாமல் போனால் ராடைச் சாய்த்தால் பிளேட்டு தானாக வழுக்கி விழும், ஆள் பிழைப்பான்.

கைக்குப் பூசும் வெள்ளைப் பொடி வாங்கச் சொன்னதற்கு இவர் சிரித்தார். "மரக்காணத்துக்காரன் பொடிய வெலைக்கு வாங்குவானா?" மூட்டை பிடிக்கும் முன் லோடு ஆட்கள் எல்லாரும் காய்ந்த உப்புத் தூளைத்தான் உள்ளங்கையில் தேய்ப்பார்கள். ஒரு சட்டி நிறையக் கொண்டுவந்து பெஞ்சுக்கடியில் வைத்திருக்கிறார். சித்திரை வெயிலில் மணல் மாதிரி காய்ந்து கிடக்கிறது. பிடி நன்றாகத்தான் இருக்கிறது.

12.6.2005

தினமும் உப்பளத்தில் கூடை சுமந்துவிட்டு வந்து இவர் தலைமாட்டில் நிற்கிறேன். மேலிருந்து பார்த்தால் கழுத்து நரம்பு புடைக்கிறது. ராடு இறங்கும்போதெல்லாம் என் கை தானாகப் பிடிக்கப் போகிறது. பயமாக இருக்கிறது என்றால் கேலி. "நீ பாத்துக்கினு நில்லு, நான் எமன்கிட்டயே தூக்கிக் காட்டுறேன்." வாயைக் கழுவுங்கள் என்றேன்.

21.8.2005

பிளேட்டுக்கு அடியில் தரையெல்லாம் பழுப்புக் கறை. துடைத்தால் மறுநாள் திரும்ப வருகிறது. ராடில் எண்ணெய் பூசினேன், கை வழுக்கும் என்று துடைத்துவிட்டார். உப்பங்காற்றும் உப்புக் கையும் சேர்ந்தால் இரும்பு எத்தனை நாளைக்கு?

18.9.2005

இடது லாக் திரும்பவில்லை. சுத்தியலால் தட்டினார். அப்படியே கிடக்கட்டும், எப்படியும் எடை குறைக்கப் போவதில்லை என்கிறார்.

2.10.2005

வலது லாக்கும்.

மாஸ்டர் சொன்னது மறந்துவிட்டதா என்று கேட்டேன். "நீதான் பின்னாடி நிக்கிறியே மேரி." நான் எப்போதும் நிற்பேனா?

27.10.2005

மழை இறங்கிவிட்டது. உப்பு அம்பாரங்களுக்கு ஓலை மூடியாயிற்று. இனி தை வரை லோடு கிடையாது. இவருக்குக் கொண்டாட்டம், காலை மாலை இரும்போடுதான். நான் பக்கத்து வீட்டு லட்சுமியம்மாளோடு நடவுக்குப் போகிறேன். தனியாகப் படுக்க மாட்டேன் என்று மாதா படத்தின் முன்னால் சத்தியம் வாங்கியிருக்கிறேன். சத்தியம் செய்யும்போது சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

23.11.2005

குழம்புக்கு உப்பு எடுக்க ஜாடியைத் திறந்தால் அடியில் தண்ணீர். காற்றில் ஈரம் ஏறினால் உப்பு வேர்க்கும், இங்கே குழந்தைக்கும் தெரியும். கொட்டாய்க்குப் போய்ப் பார்த்தேன். பெஞ்சுக்கடியில் இருக்கும் சட்டியும் கசகசவென்று இருக்கிறது. தொட்டால் விரல் வழுக்குகிறது. எடுத்துக் குப்பையில் கொட்டினேன்.

சாயங்காலம் வேறு சட்டி. "மேலாப்புல தள்ளிட்டு அடியில இருக்கிறத எடுத்துக்குவேன். போட்டிக்கு ஒன்றரை மாசம்தான் இருக்குது, சும்மா நச்சரிக்காத."

சகுனம் பார்ப்பது பாவம் என்று பங்குச் சாமியார் சொல்லுவார். சரி. ஆனால் ஜாடியில் தண்ணீர் இருப்பது சகுனம் இல்லையே, அது தண்ணீர்தானே.

2.12.2005

எழுதணும்.

மழை வலுத்ததால பாதி நடவுலயே திரும்பிட்டோம். வாசலுக்கு வர்றப்போ கொட்டாயில டங்குனு ஒரு சத்தம். அப்புறம் ஒண்ணும் இல்ல. இவர் ஒரு குரல் குடுத்திருந்தா ஊருக்கே கேட்டிருக்கும். ஒண்ணும் இல்ல. அதான் ஓடினேன்.

ராடு கழுத்து மேல. கால் ரெண்டும் தரையில ஒதைக்குது. கண்ணு என்னையே பாக்குது. ராடு சாயுது, பிளேட்டு விழல — எப்படி விழும், லாக் ரெண்டும் துருவேறி ஒட்டிக் கெடக்குது. நான் கேட்டு வாங்கின லாக்.

ரெண்டு கையாலயும் புடிச்சேன், வழுக்கிடுச்சு. இவர் கை வச்ச எடமெல்லாம் உப்புத் தண்ணி. நாத்துக்கட்டு தூக்கின சும்மாட்டுத் துணி தோள்லயே இருந்துச்சு. அத ராடுல சுத்தினேன். இடுப்ப இறக்கி, கூடை தூக்குற மாதிரியே — எழும்புச்சு. ஒரு சாண் இருக்கும். நெஞ்சுப் பக்கம் தள்ளிட்டேன். அதுக்குள்ள லட்சுமியம்மாள் வந்துட்டாங்க.

சத்தியம் பண்ணிட்டுத்தான் படுத்திருக்காரு. என்ன மனுஷன்.

5.12.2005

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி. தொண்டையில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்திருக்கிறார்கள். உயிருக்குப் பயமில்லை. குரல்வளை நசுங்கிவிட்டதாம். குரல் பழையபடி வராது என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார். இவரிடம் நான் சொல்ல வேண்டும்.

25.12.2005

கோயிலில் எல்லாரும் பாடினார்கள். இவர் உதடு மட்டும் அசைந்தது. நான் பாடவே இல்லை.

8.1.2006

இன்று போட்டி. கொட்டாய்ப் பக்கம் நான் போகவில்லை.

15.1.2006

மாஸ்டர் வந்தார். ராடையும் அதிலிருந்த எடையையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இதையா தூக்கின?" என்றார். ஆமாம் என்றேன். லாக் இரண்டையும் ரம்பத்தால் அறுத்து எறிந்துவிட்டு ஸ்பிரிங் கிளிப்பும் ஒரு பொட்டலம் வெள்ளைப் பொடியும் வைத்துவிட்டுப் போனார். போகும்போது, பொம்பளைங்களுக்கும் போட்டி இருக்குது, அடுத்த வருஷம், என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த இரும்பை உப்பங்கழியில் போடலாம் என்றிருந்தேன்.

3.2.2006

உப்பளம் திறந்தாயிற்று. மூட்டை எடுத்தால் இவருக்கு மூச்சு இழுக்கிறது. இரண்டே நாளில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாசற்படியில் உட்கார்ந்து உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் இனி தூக்குகிற ஆள் நான்தான்.

26.2.2006, ஞாயிறு

கொட்டாயைக் கழுவினேன். உப்புச் சட்டியை உடைத்துப் போட்டேன். கையில் வெள்ளைப் பொடி. ராடில் இரண்டு பக்கமும் சின்ன பிளேட்டு, கிளிப் போடவில்லை. இவர் தலைமாட்டில் வந்து நின்றார். கீழிருந்து பார்த்தால் தொண்டைத் தழும்பு பெரிதாகத் தெரிகிறது. பயமாக இருந்தது.

எழுந்து வெளியே போனேன். லட்சுமியம்மாள் வீட்டு ரேடியோவைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லிவிட்டு வந்து மறுபடி படுத்தேன். இவர் இப்போதைய காற்றுக் குரலில் போதும் என்று சொன்னால் எனக்குக் கேட்க வேண்டும்.