நீந்தி மகிழ ஏற்ற இடம்

4 ஜனவரி

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் இருமல் எப்படி இருக்கிறது? மருந்தை ஒழுங்காகக் குடிக்கிறாயா?

ஓர் உதவி வேண்டும். எங்கள் சுற்றுலா அலுவலகம் உன் தீவைப் பற்றி ஒரு கையேடு போடுகிறது. தொகுக்கும் பொறுப்பு என்னுடையது. ஏழு வருஷமாகத் தற்காலிக ஊழியனாகவே ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இது நன்றாக வந்தால் வேலையை நிரந்தரமாக்குவதாக டைரக்டர் வாய்விட்டே சொல்லிவிட்டார்.

அங்கே வருகிறவர்கள் எல்லோரும் படகுத்துறைக் கடற்கரையில் படுத்து எழுந்து அப்படியே திரும்பிவிடுகிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. இருபது வருஷமாகப் படகுத்துறை டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்துகொண்டு, லீவு கிடைத்தால் ஊர் சுற்றும் உனக்குத்தான் தெரியும். யாரும் போகாத இடங்களாகப் பார்த்து எழுதி அனுப்பு. நீ பேசுகிற மாதிரியே எழுது, நான் திருத்திக்கொள்கிறேன்.

அன்புடன்,
தம்பி

*

15 ஜனவரி

அன்புள்ள தம்பிக்கு,

இருமல் போய்விட்டது. இனிமேல் வேலை ஆக வேண்டுமென்றால் நேராகக் கேள். என் தொண்டையை இழுக்காதே.

எழுதிக்கொள். முதலில் பழைய ஐஸ் தொழிற்சாலை. கூரை எப்போதோ போய்விட்டது. இயந்திரம் இருந்த பள்ளத்தில் மழைத்தண்ணீர் தேங்கி அல்லி பூத்துக் கிடக்கிறது. நுழைய யாரையும் கேட்க வேண்டாம். வாசலில் கட்டியிருக்கும் ஆடு மட்டும் முட்டும்.

மேற்கே தண்ணீர் பீச்சும் பாறை. பாறையில் ஒரு துளை. அலை அடிக்கும்போது அதன் வழியாகத் தண்ணீர் இரண்டு ஆள் உயரம் எழும்பும். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய் நனைந்துவிட்டு என்னைத் திட்டக் கூடாது.

சதுப்புக் காட்டுக்குள் ஓர் ஊற்று. சுற்றிலும் வாயில் வைக்க முடியாத உப்பு, நடுவில் மட்டும் குளிர்ந்த நல்ல தண்ணீர். கொசு பிடுங்கித் தின்றுவிடும், ஆனாலும் போகலாம். கலங்கரை விளக்கத்தில் ஏற வேண்டுமானால் விளக்குக்காரரோடு ஓர் ஆட்டம் சதுரங்கம் ஆட வேண்டும். தோற்றுவிடுவது நல்லது. ஜெயித்தவர்களை அவர் மேலே விட்டதில்லை.

கடைசியாக லாடக் கடற்கரை. இரண்டு பக்கமும் பாறை வளைந்து லாடம் போலவே இருக்கும். தண்ணீர் கண்ணாடி. இதைவிட அழகான இடம் நான் பார்த்ததில்லை. அதனால் இந்த வாக்கியத்தை அப்படியே போடு, ஓர் எழுத்தையும் தொடாதே:

"கடல் உள்வாங்கும் நேரத்தில் இங்கே தண்ணீரில் இறங்காதீர்கள், பாறை இடுக்கு வழியாக ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும், எட்டு வருஷத்தில் மூன்று பேர் போனார்கள், ஒருவரும் திரும்பவில்லை."

அந்த மூன்று பேரும் காலையில் என்னிடம்தான் திரும்பும் டிக்கெட் வாங்கினார்கள். மூன்று முறையும் மாலைப் படகை அரை மணி நேரம் நிறுத்தி வைத்துப் பார்த்தவள் நான்.

உன் வேலை நிரந்தரமாகட்டும். நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

*

20 மார்ச்

அன்புள்ள அக்காவுக்கு,

கையேடு வந்துவிட்டது! முதல் பிரதியை உனக்குத்தான் அனுப்புகிறேன். அட்டைப் படத்தைப் பார்த்தாயா? உன் லாடக் கடற்கரைதான். டைரக்டருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "யாருய்யா இதை எழுதினது? இந்தம்மாவை நம்ம ஆபீஸுக்கே கூட்டிட்டு வந்துடலாமே"ங்கிறார். ஆட்டை எடுத்துவிட்டோம், கோபித்துக்கொள்ளாதே. இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கொஞ்சம் மெருகேற்றியிருக்கிறோம், அவ்வளவுதான்.

படித்துவிட்டு உடனே எழுது.

தம்பி

*

28 மார்ச்

தம்பிக்கு,

படித்தேன். ஆடு போனால் போகிறது. என் வாக்கியம் எங்கே?

அது இருக்க வேண்டிய இடத்தில் "குடும்பத்துடன் நீந்தி மகிழ ஏற்ற இடம்" என்று இருக்கிறது. இதை எழுதின புண்ணியவான் யார்? அந்தத் தண்ணீரை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்திருக்கிறானா? குடும்பத்துடன் வேறு போகணுமாம்!

நீ திருத்துகிற வரை நான் கையைக் கட்டிக்கொண்டு உட்காரப் போவதில்லை. கையில் அந்தப் புத்தகத்தோடு என் கவுண்டருக்கு வருகிறவர்களிடம், "அதைக் கொஞ்சம் இப்படிக் கொடுங்க" என்று வாங்கி, அந்த வரியை அடித்துவிட்டு ஓரத்தில் என் வாக்கியத்தை எழுதித் தருகிறேன். எழுதிய பிறகுதான் டிக்கெட். வரிசை நீள்கிறது. நீளட்டும்.

அக்கா

*

6 ஏப்ரல்

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொல்வது நியாயம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மேலிடத்தில், "சாவு பத்தி எழுதினா எவன்யா டூர் வருவான்?" என்று கேட்கிறார்கள். நான் என்ன செய்ய முடியும்? அடுத்த பதிப்பில் எப்படியாவது சேர்க்கப் பார்க்கிறேன்.

அதுவரை தயவுசெய்து புத்தகங்களில் கிறுக்காதே. உங்கள் படகு நிறுவனத்துக்கு எங்கள் அலுவலகத்திலிருந்து புகார் போயிருக்கிறது. உன் வேலைக்கு ஆபத்து வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என் வேலையும் இப்போது அந்தரத்தில் தொங்குகிறது. கொஞ்சம் விட்டுக்கொடு அக்கா.

தம்பி

*

19 ஏப்ரல்

தம்பிக்கு,

சூப்பர்வைசர் வந்தார். "ஏம்மா, உங்களுக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்றார். "வேண்டாத வேலைதான் சார், மாலைப் படகை நிறுத்தி வைக்கிற வேலையை நீங்க பாத்துக்கறீங்களா?" என்றேன். என்னைக் கவுண்டரிலிருந்து தூக்கிப் பார்சல் அறையில் போட்டுவிட்டார். சாப்பாட்டு நேரத்தில் படகு இறங்குமிடத்தில் நின்று எழுதித் தருகிறேன். சாப்பாட்டு நேரம் என்னுடையது, அதில் ஒருவரும் வாய் திறக்க முடியாது.

ஆனால் நேற்று நடந்ததைக் கேள். புதிதாகக் கல்யாணம் ஆன இருவர். புத்தகத்தை ஊரிலேயே கடையில் வாங்கி, தனிப்படகு பிடித்து, என் கண்ணில் படாமலே லாடக் கடற்கரையில் இறங்கியிருக்கிறார்கள். கடல் உள்வாங்கும் நேரம். அவன் நீந்தப் போனான். பாறை இடுக்கு வரை இழுத்துப் போய்விட்டது. வலை இழுத்துக்கொண்டிருந்த அண்ணன் தம்பி இருவர் பார்த்ததால் உயிர் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், கண் திறக்கவில்லை. அந்தப் பெண் ஈரத் துணியோடு வராந்தாவில் உட்கார்ந்து, பக்கத்தைப் பிரித்து என்னிடமே காட்டுகிறாள்: "ஏத்த இடம்னுதானே போட்டிருக்கு அக்கா?"

அவளுக்குப் பதிலை நீயே சொல். என் கண்ணில் படாதவர்களுக்கு என் பேனா எப்படி எட்டும்?

அக்கா

*

2 மே

அன்புள்ள அக்காவுக்கு,

அவர் கண் திறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். எனக்குப் போன உயிர் வந்தது.

இப்போது நான் கேட்கப் போவதற்கு நீ கோபப்படுவாய். பத்திரிகைக்காரர்கள் விசாரிக்கிறார்கள். அலுவலகம் ஓர் அறிக்கை தயாரித்திருக்கிறது. கடற்கரையில் எச்சரிக்கைப் பலகை இருந்ததென்றும், அவர் அதை மீறி இறங்கினாரென்றும் இருக்கிறது. தொகுத்தவன் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும், உள்ளூர்ச் சாட்சியாக நீ. அதன் மறுநாள் என் நிரந்தர உத்தரவு கைக்கு வரும். உனக்கும் கவுண்டர் திரும்பக் கிடைக்க ஏற்பாடு செய்வதாகச் சொல்கிறார்கள். அந்த ஆள்தான் பிழைத்துவிட்டாரே அக்கா. பலகையை இனிமேல் நிஜமாகவே வைத்துவிடலாம். படிவம் உள்ளே இருக்கிறது.

தம்பி

*

9 மே

தம்பிக்கு,

உன் படிவத்தை நாலாகக் கிழித்து இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அங்கே பலகை இல்லை. இருந்ததில்லை. போன எட்டு வருஷமாகப் பலகை வையுங்கள் என்று மனுப் போட்டுப் போட்டு ஓய்ந்தவள் நான். என்னிடமே பலகை இருந்தது என்று கையெழுத்துக் கேட்கிறாயே, உனக்கு நாக்கு கூசவில்லையா? பிழைத்தவனைக் குற்றவாளி ஆக்கிவிட்டு நீ நிரந்தரமாக உட்கார வேண்டுமா அந்த நாற்காலியில்?

எனக்குக் கவுண்டர் வேண்டாம். பார்சல் அறையிலிருந்தும் துரத்தினால் லாடக் கடற்கரையிலேயே போய் நிற்பேன். என்னை அங்கிருந்து எவனும் நகர்த்த முடியாது. நானே பலகை.

நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாது. உனக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தேன், சோறு ஊட்டினேன் என்றெல்லாம் எழுதி உன்னை அழவைக்க எனக்கு விருப்பமில்லை. அதில் கையெழுத்துப் போட்டால் இனி எனக்குக் கடிதம் எழுதாதே. வந்தாலும் பிரிக்க மாட்டேன்.

அக்கா

*

17 மே

அக்கா,

பிரி. கையெழுத்துப் போடவில்லை.

இதை அலுவலகக் கிடங்கு அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். மீதிப் பிரதிகள் எல்லாம் இங்கேதான் கட்டுக்கட்டாக இருக்கின்றன. நாளை கடைகளுக்குப் போக வேண்டியவை. டைரக்டர் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறார். "திறய்யா! உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா?" என்று ஒரு தடவை, "தம்பி, பேசித் தீத்துக்கலாம்ப்பா" என்று ஒரு தடவை. போலீஸைக் கூப்பிடுவாராம். கூப்பிடட்டும். பியூன் அண்ணன் ஜன்னல் வழியாக டீயும் பேனாவும் கொடுக்கிறார். இதையும் அவரிடமே தபாலில் சேர்க்கச் சொல்லப் போகிறேன்.

உன்னிடம் ஒன்றை மறைத்தேன். உன் வாக்கியத்தை எடுக்கச் சொன்னது மட்டும்தான் டைரக்டர். எடுத்ததும் பக்கத்தில் ஒரு வரி குறைந்தது, பார்க்க நன்றாக இல்லை. அதை நிரப்ப "குடும்பத்துடன் நீந்தி மகிழ ஏற்ற இடம்" என்று எழுதியது நான். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன். அந்தப் பெண் விரித்துக் காட்டினாளே, அது என் வரி அக்கா. நீ தேடிய புண்ணியவான் நான்தான். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

ஒவ்வொரு பிரதியிலும் அந்த வரியை அடித்து, ஓரத்தில் உன் வாக்கியத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். வேலை போய்விட்டது, அது நிச்சயம். கதவை உடைப்பதற்குள் எத்தனை முடியுமோ அத்தனை.

உன் வாக்கியம் ரொம்ப நீளம். மூன்றாவது கட்டுப் பிரதிகளில் விரல் மரத்துப்போனபோது, பாதியாகச் சுருக்கிவிட்டால் என்ன என்று தோன்றியது. ஏழு வருஷமாக என் பிழைப்பே அதுதானே.

சுருக்கவில்லை.

தம்பி