வேலிக்குள் இருக்கும் போஷெனா

அன்புள்ள தங்கை ருஷேனாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். சாலை வேலையில் இடுப்பு மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை முகாம் இருந்த இடத்துக்குப் போனேன். ஜிப்சிகள் என்று சொல்லி நாஜிகள் நம் ரோமா ஜனங்களை அடைத்து வைத்த முகாம்; நான் பிழைத்து வந்தேன், போஷெனா அக்கா காய்ச்சலில் அங்கேயே செத்துப் போனாள். இப்போது அது பன்றிப் பண்ணை. பெயருக்கு ஒரு கல்கூட நடவில்லை.

நம் வழக்கப்படி அவளுக்காக மண்ணில் ஒரு வாய் பிராந்தி ஊற்றத்தான் போனேன். காவலாளி கதவைத் திறக்கவில்லை.

“பெருசு, இங்க பன்னிதான் இருக்கு. குடிக்கணும்னா கடைக்குப் போ.”

“குடிக்கப் போறது நான் இல்லடா, எங்கக்கா. உன் பன்னிங்களுக்கு முன்னாடியே வந்தவ.”

“அனுமதி இல்லாம உள்ள விட முடியாது.”

“அன்னைக்கு வெளிய விடல, இன்னைக்கு உள்ள விடல. என்னதான்டா உங்க சட்டம்?”

வந்த எரிச்சலில் கம்பி வேலிக்குள் கையை விட்டு பாட்டிலைக் கவிழ்த்தேன். பாதி அவன் பூட்ஸில் கொட்டியது. கையில் சின்னக் கீறல்தான், பயப்படாதே.

இனிமேல் பன்றிக்கொழுப்பு அனுப்பாதே, தொண்டையில் இறங்கவில்லை. கம்பளிக் காலுறை அனுப்பு. விடுதியில் பேச ஆளில்லை. நாலு வரி எழுது. பிளம் பிராந்தியும் ஒரு பாட்டில் வேண்டும். இறந்தோர் திருநாளன்று மறுபடி போகிறேன். இந்தத் தடவை பூட்ஸுக்கு ஒரு சொட்டுகூடக் கிடையாது.

வேலைக்குப் போக லாரி வந்துவிட்டது.

உன்
அந்தோனின்