பாலத்தில் நிற்கிறவர்

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்களும் குட்டியும் சளி, இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பி இதை எழுதுகிறேன். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே எழுதியிருக்கிறேன். சமையலறைத் தரையில் உட்கார்ந்து நாம் படித்ததெல்லாம் உங்களுக்கு மறந்திருக்காது. படிக்க இரண்டு நாள் ஆனாலும் பரவாயில்லை. தயவுசெய்து வேறு யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லாதீர்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் தினமும் அவ்வளவு தூரம் நடந்து போகிறாள். எங்கே போகிறாள் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எனக்குப் படைப்பதிவு அலுவலகத்தில் வேலை கிடைத்ததை முன்பே எழுதியிருந்தேன். என்ன வேலை என்று எழுதவில்லை. ஆற்றுப் பாலத்தில் நிற்கிறவர்களைப் பற்றி உங்கள் பக்கத்திலும் பேசிக்கொள்வார்கள். போரில் செத்து விழுந்து, மூன்றாம் நாள் எழுந்து, நடந்து வந்து, பழைய இடத்திலேயே காவல் நிற்கிறார்களே, அவர்கள்தான். சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை, கண் இமைப்பதுகூட இல்லை. எதிரி ஆற்றில் இறங்கினால் மட்டும் அசைவார்கள். வெட்டுப்பட்டு விழுந்தால் மறுபடியும் மூன்றாம் நாள் எழுந்து வருவார்கள். ஒவ்வொரு முறையும் உடம்பில் ஏதாவது ஒன்று குறைந்திருக்கும். அந்தக் குறைவை எழுதிவைப்பதுதான் என் வேலை.

காலையில் பதிவேட்டை எடுத்துக்கொண்டு பாலத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போவேன். எண்ணைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், முகத்தைப் பார்க்க வேண்டும், எழுத வேண்டும். இடது காது இல்லை. வலது முழங்கையில் எலும்பு தெரிகிறது. கவசத்துக்குள் மழைத்தண்ணீர், துடைக்கப்பட்டது. ஆண்களை நிமிர்ந்து பார்க்கத் தெரியாதவள் என்று என்னைக் கேலி செய்வீர்களே, இப்போது தினமும் நாற்பத்தொரு முகங்களைப் பார்க்கிறேன். அவர்கள் யாரும் என்னைப் பார்ப்பதில்லை. அதனால் கூச்சம் சீக்கிரமே போய்விட்டது.

ஊருக்கும் பழகிவிட்டது. பாலத்து முனையில் காய்கறி விற்கும் அக்காவின் வீட்டுக்காரர் நான்காவது ஆள். உயிரோட இருந்தப்ப ஒரு இடத்துல அரை மணி நேரம் உக்காந்ததில்ல, இப்ப பாரு, நட்டு வச்ச மாதிரி நிக்கிறாரு மகராசன் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். வெயில் ஏறினால் அந்த அக்காவே எழுந்துபோய் ஈரத்துணியை அவர் தலையில் போட்டுவிட்டு வருவார். அப்போது மட்டும் யாரும் சிரிப்பதில்லை.

அண்ணி, இருபத்தாறாவது ஆள் நம் அண்ணன்.

எட்டு மாதமாக இதை உங்களிடம் மறைத்துவிட்டேன். உடல் கிடைக்கவில்லை, ஆறு அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று நான் எழுதியது பொய். செய்தி வந்த மறுநாள் உங்கள் அப்பா வந்து உங்களையும் குட்டியையும் அழைத்துப் போனார். அதற்கு அடுத்த நாள் அண்ணன் நடந்து வந்தார்.

அன்றிலிருந்து அம்மா தினமும் போய் அவர் எதிரில் உட்கார்கிறாள். கூரை ஒழுகுவது, எலித்தொல்லை, நான் சரியாகச் சாப்பிடாதது எல்லாவற்றையும் அவரிடம் சொல்கிறாள். நான் தடுத்தபோது, மத்தவங்க பிள்ளைங்களை மண்ணுல போய்த் தேடுறாங்க, எம்புள்ள என் கண்ணு முன்னால நிக்கிறான், அது போதும்டி எனக்கு என்றாள். உண்மையைச் சொன்னால், எனக்கும் அது போதும் என்றுதான் இருந்தது.

போன சண்டைக்குப் பிறகு அவர் இடது கை இல்லாமல் வந்தார். அதோடு, பேசவும் தொடங்கினார். மற்ற நாற்பது பேரும் பேசுவதில்லை. எண்ணைச் சொன்னதும் அண்ணனின் உதடு அசைகிறது. முதல் நான்கு நாள் காற்று என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் காதைக் கிட்டே கொண்டுபோனேன். எப்ப விடுவாங்க என்று கேட்டார். அவ்வளவுதான். மறுநாளும் அதையேதான் கேட்டார். அம்மா, கொஞ்ச நாள்தான்ப்பா, பொறுத்துக்கோ என்று பதில் சொல்கிறாள். நான் பதிவேட்டில் ‘உதடு அசைகிறது’ என்று மட்டும் எழுதினேன்.

விடுவிக்க ஒரு வழி இருக்கிறது. படையில் சேரும்போது அந்த ஆள் உறவு என்று யார் பெயரைக் கொடுத்தாரோ, அவர் தன் கையால் எழுதித்தர வேண்டும். கைநாட்டு செல்லாது. அதை நான் அவர் காதருகே நின்று வாசிக்க வேண்டும். வாசித்து முடித்ததும் அப்படியே உட்கார்ந்துவிடுவார்கள், பிறகு எழுவதில்லை. இதுவரை இரண்டு பேருக்கு வாசித்திருக்கிறேன். அண்ணன் கொடுத்திருப்பது உங்கள் பெயர்.

ஆற்றில் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கிறது. நேற்று இடுப்பளவு. முழங்காலளவு ஆனதும் எதிரி இறங்குவான் என்கிறார்கள். இன்னும் மூன்று வாரம் இருக்கலாம். இந்த முறை அவரிடம் எது குறைந்து வருமோ, அதையும் நான்தான் எழுத வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பணியில் உயிர் போனால் தொடர்ந்து நிற்கச் சம்மதமா என்று படையில் சேரும் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. அண்ணனுக்கு அதை நிரப்பியது நான். எந்தக் கட்டத்தையும் காலியாக விட்டால் படிவத்தைத் திருப்பிவிடுவார்கள் என்று கல்லூரிக்கு விண்ணப்பித்த நாளிலிருந்து எனக்கு ஒரு பயம். சம்மதம் என்று போட்டால் சொந்த ஊரிலேயே காவல் கிடைக்கும் என்று அலுவலகத்தில் இருந்தவர் சொன்னார். நீங்களும் குட்டியும் அவரைத் தினமும் பார்க்கலாமே என்று நினைத்தேன். என்ன கேட்டிருக்கிறார்கள் என்று அண்ணன் கேட்டார். சும்மா வழக்கமான கேள்விதான் என்றேன். நீ படிச்சவ, நீ எழுதினா சரியாத்தான் இருக்கும் என்று சொல்லி விரலை வைத்தார். நம் வீட்டில் படித்தவள் நான் ஒருத்திதான்.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். வெறும் தாள். என்ன எழுத வேண்டும் என்று சொல்லமாட்டேன், மாதிரியும் எழுதி அனுப்பவில்லை. விட்டுவிடுங்கள் என்று எழுதினால் வாசிக்கிறேன். ஒருமுறை பார்க்க வேண்டும் என்றால் கிளம்பி வாருங்கள், பக்கத்தில் நான் நிற்கிறேன். இருக்கட்டும் என்று உங்களுக்குத் தோன்றினால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். எதுவானாலும் தண்ணீர் இறங்குவதற்குள் அனுப்புங்கள்.

அம்மாவை நினைத்துத் தயங்காதீர்கள். அவளிடம் சொல்ல வேண்டியதை நான் சொல்லிக்கொள்கிறேன், அவள் திட்டுவதையும் நான் வாங்கிக்கொள்கிறேன். நீங்களும் குட்டியும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் உங்கள்,
நாத்தனார்