அப்பாவுக்குக் கல் இல்லை, அண்ணா

இன்று தேக்கா சந்தைக்குக் கறிவேப்பிலை வாங்கப் போனேன். நீ வழக்கமாகச் சாப்பிடும் கடையிலிருந்து ஆட்டுச் சுக்கா கருகும் வாசனை தெருமுனை வரை வந்தது. எனக்கு எச்சில் ஊறியது. அடுத்த நிமிடமே உன்மேல் எரிச்சல் வந்தது. நீ போய் இரண்டு வருடமாகிவிட்டது. இந்த எரிச்சல் மட்டும் போகமாட்டேன் என்கிறது.

ஞாயிறு தவறாமல் பூன் லேயிலிருந்து ரயிலேறி அங்கே வந்துவிடுவாய். "நல்லா கருக விடுங்க லா, அப்பத்தான் ருசி" என்று அடுப்புப் பக்கமே போய் நிற்பாய். அப்பாவைக் கொண்டுபோனது சிறுநீரகப் புற்றுநோய், நீயாவது இந்தக் கருகின கறியைக் கொஞ்சம் குறைக்கக் கூடாதா என்று கேட்டால் சிரிப்பாய். "அது ரத்தத்துல வர்றது தங்கச்சி. வரணும்னு இருந்தா கீரை தின்னாலும் வரும். நீ எலும்பைக் கடி." உன்னோடு பேசுவதற்குச் சுவரோடு பேசியிருக்கலாம்.

சரி, ரத்தம்தான் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் உன் மருத்துவப் பரிசோதனைப் படிவத்தில் அப்பாவுக்குச் சிறுநீரகக் கல் என்று ஏன் எழுதினாய்? அந்தப் பொய் எனக்காகச் சொன்னதுதான். அப்பா இறந்தபோது எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தாய். "யார் கேட்டாலும் கிட்னில கல்லுன்னு சொல்லு. கேன்சர்னு தெரிஞ்சா ஒருத்தனும் வரமாட்டான்" என்றாய். எனக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருடம் கழித்துமா அதையே எழுதுவாய்? அதைப் படித்த டாக்டர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்பினார். நீயும் சமர்த்தாகக் குடித்தாய். பிறகு ஸ்கேன் எடுத்தபோது உன் புற்றுநோய் நுரையீரல் வரை போயிருந்தது.

கடைசியில் உன்னைப் பார்த்த டாக்டரம்மா என்னிடம் சொன்னார்: "ஜீன் மட்டும்னும் சொல்ல முடியாது, சாப்பாடு மட்டும்னும் சொல்ல முடியாது. சிலரோட ஜீனுக்குக் கருகின கறி மத்தவங்கள விட அதிகமா கெடுதல் பண்ணலாம். உங்க அண்ணனுக்கு எதுன்னு உறுதியா சொல்ல முடியாதும்மா. அப்பாவுக்கு இருந்தது தெரிஞ்சிருந்தா முன்னாடியே ஸ்கேன் பாத்திருப்பாங்க." நம் இத்தனை வருடச் சண்டையில் நீயும் ஜெயிக்கவில்லை, நானும் ஜெயிக்கவில்லை.

இப்போது மரபணு ஆலோசனைக்கு என்னை அழைத்திருக்கிறார்கள். குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்று கேட்கும் படிவம் மேசைமேல் கிடக்கிறது. அடுத்த வாரம் என் மகளை, உன் மருமகளைப் பெண் பார்க்கப் பொங்கோலிலிருந்து வருகிறார்கள். "அவங்க வந்துட்டுப் போகட்டுமே, அப்புறம் ஃபில் பண்ணிக்கலாம்" என்கிறார் என் வீட்டுக்காரர். மாமனாருக்குக் கல் என்று நம்பி என்னைக் கட்டிக்கொண்ட மனிதர்! போன வருடம் உண்மையைச் சொன்னபோது ஒரு மாதம் என்னோடு பேசாமல் இருந்தவர்! தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அப்பா: சிறுநீரகப் புற்றுநோய். அண்ணன்: சிறுநீரகப் புற்றுநோய். பேனாவை அழுத்தி எழுதி, மகளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். அவள் இரண்டு முறை வாசித்தாள்.

"தாத்தாவுக்குக் கல்லுதானேம்மா?"

அவளுக்கு அந்தக் கதையைச் சொன்னது நீ இல்லை அண்ணா, நான்.