அரைச் சுருதி கீழே

ஜனவரி 9

பிஷ்கெக் நகரம் முழுக்க நிலக்கரிப் புகை. பல்கலைக்கழகத்தில் நாலு பாட்டு வகுப்பு. எதிலும் மேல் ஸ்வரத்தை நான் பாடிக் காட்டவில்லை. ஓபராவுக்காகக் குரலைச் சேமிக்கிறேன் என்றேன். பாதி உண்மை. "ஆறு மாசம் பாடவே கூடாது" என்று தொண்டை டாக்டர் செப்டம்பரிலேயே சொல்லிவிட்டார். அது வகுப்பில் எனக்குப் பியானோ வாசிக்கும் வேராக்காவுக்கு மட்டும்தான் தெரியும். மார்ச்சில் அந்த ஓபராவில் கிழட்டு மன்னன் கான் வேடம். ஐம்பத்து மூன்று வயதில் இனி இப்படி ஒன்று எனக்கு வராது.

ஜனவரி 17

வேராக்கா வாசிக்க, கான் மகனுக்காகப் புலம்பும் பாட்டை முழுதாகப் பாடினேன். உச்ச ஸ்வரம் வெண்ணெயாக வந்தது. டாக்டருக்கு என்ன தெரியும்?

"எப்படிக்கா?"

"சளி பிடிக்காமப் பாத்துக்க, கனிபெக்." அவ்வளவுதான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஜனவரி 26

மச்சான் அரங்கேற்ற விருந்துக்குக் குதிரைக்கறி சொல்லிவைத்துவிட்டார். ஜிபாரா மட்டும் சிரிக்கவில்லை. "தூக்கத்துல இருமுறீங்க" என்றாள். பெண்டாட்டிக்கு எதை மறைக்க முடிகிறது?

பிப்ரவரி 3

வீட்டில் சுருதி பார்க்கும் இசைக்கவையைத் தட்டி அந்த உச்சத்தை எடுத்துப் பார்த்தேன். காற்றுதான் வந்தது. காலை நேரம், அதனால்தான்.

பிப்ரவரி 14

இசைக்குழுவோடு முதல் ஒத்திகை. எல்லாமே உயரமாகப் பட்டது. "சுருதி ஏறிடுச்சா?" என்று கேட்டேன். "எப்பவும் போலத்தான்ணே" என்றார் இசைநடத்துநர். உச்சத்தில் குரல் உடைந்தது. எல்லோரும் ஸ்வரத் தாளைப் பார்த்துக்கொண்டார்கள். சிரித்திருந்தால் தேவலை.

நேராக வேராக்காவிடம் போனேன்.

"எவ்ளோ எறக்கி வாசிச்சீங்க?"

"அரைச் சுருதி. டாக்டரப் பாத்துட்டு வந்தியே, அன்னிலேர்ந்து. தொண்டை ஆறுற வரைக்கும்னு நெனச்சேன். அப்புறம் உன் மொகத்தப் பாத்துட்டு சொல்ல வாய் வரல."

பியானோவுக்கு முதுகு காட்டி நிற்கிறவனுக்கு நீங்க அழுத்துற விசை எங்கே தெரியும் என்று கத்தினேன். திரும்பி நடக்கும்போது என்னையே கேட்டுக்கொண்டேன்: விசை தெரியாது, சரி. காது? ஊரான் பிள்ளை காதையெல்லாம் திருத்துறவன்டா நீ. தெரிஞ்சுது. தெரிஞ்சுதான் கேக்கல.

பிப்ரவரி 15

இசைநடத்துநர் போனில்: "பாட்டையே அரைச் சுருதி எறக்கிரலாம்ணே. சபைல யாருக்குத் தெரியப்போவுது?"

வேண்டாம் என்றேன். ஏன் சொன்னேன்? ரோஷம். வேறென்ன.

பிப்ரவரி 21

ஒத்திகையில் உச்சத்தை அசல் சுருதியில் எடுத்தேன். வந்தது. சுத்தமாக, பெரிசாக, முப்பது வயதில் வந்தது போல. வயலின்காரர்கள் வில்லால் தட்டினார்கள். அடுத்த வரிக்கு வாயைத் திறந்தேன் —

மார்ச் 11

அரங்கேற்றம். எனக்குப் பதிலாகத் தாஷ்கண்டிலிருந்து வரவழைத்தவர்தான் கான். உச்சத்தை அசராமல் எடுத்தார். எனக்கு வயிறு எரிந்தது. நல்ல குரல்.

"கெளம்பலாமா?" என்று கேட்டாள் ஜிபாரா. இப்போதெல்லாம் தலையசைத்துப் பதில் சொல்லக்கூடிய கேள்விகளாகத்தான் கேட்கிறாள். இல்லை என்று தலையாட்டிவிட்டுக் கைதட்டினேன்.