கட்டையில் கேட்கும் சத்தம்

என் செல்லத் தம்பிக்கு,

உட்கார்ந்து எழுத முடியவில்லை. ஒரு வரி எழுதுவதற்குள் எழுந்து போய் ஐஸ் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். இன்று கடைக்கு விடுமுறை, பெட்டி காலி என்று தெரிந்தும்தான்.

அம்மா கூவினால் தெருமுனை வரைக்கும் கேட்குமே, நினைவிருக்கிறதா? "கண்ணைப் பாருங்க, அப்புறம் விலையைப் பேசுங்க!" அவள் கூவி முடித்தால்தான் அப்பா முதல் மீனைத் தராசில் போடுவார். நாம் இரண்டு பேரும் கவிழ்த்த கூடைமேல் ஏறி, அவளைப் போலவே கூவிக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைப்போம்.

இப்போது அம்மா கத்தியைத் திருப்பிப் பிடித்து, மீன் வெட்டும் கட்டையில் இரண்டு தட்டு தட்டுகிறாள். அப்பா மீனைத் தராசில் போடுகிறார். எல்லோருக்கும் பழகிவிட்டது. அம்மாவின் தொண்டை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கழுத்தில் போட்ட தையலும் ஆறிவிட்டது. வேறு எதையும் கேட்காதே. புது வேலையில் இருக்கிற பிள்ளையைக் கலங்கடிக்கக் கூடாதென்று, சைகையாலேயே என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

போன வாரம் நீ என்மேல் எரிந்து விழுந்தாய். "கடையை விட்டுட்டு வந்துட்டேன்னு இன்னும் கோபமாக்கா? நான் பேசப் பேச, டக் டக்குனு அம்மா பாட்டுக்கு மீன் வெட்டிட்டு இருக்கா!"

நீ போன் பண்ணுவது எப்போதும் திங்கட்கிழமை. திங்கட்கிழமை நம் கடையில் யாருடா மீன் வெட்டுகிறார்கள்? அது வெறும் கட்டை. அடுத்த முறை அந்தச் சத்தம் கேட்டால் போனை வைத்துவிடாதே.

உன் அக்கா