லூசியா என்றால் வெளிச்சம்

2024 நவம்பர் 4, திங்கள்

மழை விடவில்லை. மகள் ஆக்னஸின் யூனிபார்மை இஸ்திரி போட்டே காயவைத்துப் பள்ளிக்கு அனுப்பினேன். வாசலில் அத்தை மீன்காரம்மாவிடம், “எங்க லூசு வந்து வாங்கிக்கிரும்” என்றார். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். நான் ஏன் சிரித்தேன்?

அரிமளத்துச் செவந்தி நான். விக்ரமைக் கட்டி மணமேல்குடிக்கு வருவதற்காக ஞானஸ்நானம் வாங்கியபோது, பெயர் வைத்தது அவர் அம்மா, அமலோற்பவம் அத்தைதான். “லூசியான்னா வெளிச்சம்மா. வேதசாட்சி பேரு” என்றார். லூசியா லூசியாகி, லூசி லூசானாள். செல்லமாம்.

அமலோற்பவம் என்றால் மாசில்லாமல் பிறந்தவள். நல்ல பெயர்தான்.

டிசம்பர் 13, வெள்ளி

என் பெயர் கொண்ட திருநாள். பிரசங்கத்தில் ஃபாதர் லூசியாள் கதையைச் சொன்னார். கட்டிக்கக் கேட்டவனே காட்டிக்கொடுத்தானாம். ஜோடி ஜோடியாக மாடு பூட்டி இழுத்தும் அவளை அசைக்க முடியவில்லையாம். படத்தில் தன் கண்ணையே தட்டில் ஏந்தி நிற்கிறாள். வேதசாட்சி என்றால் உயிரைக் கொடுத்துச் சாட்சி சொன்னவர் என்றார்.

ஆக்னஸ் என் காதில், “எம் பேருக்கு என்னம்மா?” என்றாள். தூய்மையானவள் என்றேன். ஆட்டுக்குட்டியோடும் படம் போடுவார்கள் என்றதும் ‘மே’ என்று கத்தி, பூசையில் எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைத்துவிட்டாள்.

குவைத்திலிருந்து விக்ரம் ஃபோன். “ஹேப்பி ஃபீஸ்ட், லூசு.” அவ்வளவுதான் பேச்சு.

2025 ஜனவரி 9

விக்ரம் குவைத்திலிருந்து வந்து ஒரு வாரம். குளிக்கப் போனபோது அவர் ஃபோனில் ஒரு நர்ஸோடு எடுத்த படங்கள். கல்யாணப் படம் மாதிரி நிற்கிறார்கள்.

சோறு போடும்போது கேட்டேன். “ஒனக்குப் பைத்தியம் முத்திப்போச்சு” என்றார். தட்டைத் தூக்கி எறிந்தேன். ஆமாம், எறிந்தேன்! யாருதான் எறியமாட்டா? நாத்தனார் சகாயமேரி ஃபோனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். நான் கேட்டதும் அவர் சொன்னதும் அதில் இல்லை. தட்டு பறப்பது மட்டும் இருக்கிறது. சகாயம் என்றால் உதவி. அண்ணனுக்குச் செய்திருக்கிறாள்.

ஜனவரி 10

“ஒங்க தங்கச்சிய இங்க வச்சிக்கிட முடியாது, கூட்டிட்டுப் போங்க” என்று அத்தை என் அண்ணன் உதயசூரியனை வரவழைத்துவிட்டார். மாடெல்லாம் வேண்டியிருக்கவில்லை. ஓர் ஆட்டோ போதுமாக இருந்தது.

ஆக்னஸ் பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

மார்ச் 21

கோர்ட் நோட்டீஸ் வந்தது. விவாகரத்து வேண்டுமாம், பிள்ளையும் வேண்டுமாம். போன வருஷம் கரு கலைந்தபோது டாக்டர் எழுதித் தந்த தூக்க மாத்திரைச் சீட்டு, தட்டு வீடியோ எல்லாம் சேர்த்திருக்கிறார்கள். அண்ணன் உரக்கப் படித்தான். “எதிர்மனுதாரர் மனநிலை சரியில்லாதவர். ஊரார் அனைவரும் அவரை ‘லூசு’ என்றே அழைத்து வருகின்றனர்.” அதோடு தாளை மடித்து வைத்துவிட்டான்.

பேர் வச்சதும் அவுக. சுருக்குனதும் அவுக. இப்ப அதையே கொண்டுபோய்க் கோர்ட்டில் கொடுக்கிறார்கள்.

விக்ரமுக்கு ஞானஸ்நானப் பெயர் செபஸ்தியான். உடம்பெல்லாம் அம்பு வாங்கிய வேதசாட்சி. இவர் உடம்பில் ஒரு கீறல் கிடையாது.

இனி அந்தப் பெயரைச் சொல்லி யார் கூப்பிட்டாலும் ‘ம்’ கூடச் சொல்லமாட்டேன். என் பெயர் செவந்தி.

ஆகஸ்ட் 19

எழுதவே கை வரவில்லை.

கோர்ட்டில் கவுன்சிலிங் மேடம் ஆக்னஸைப் பக்கத்தில் உட்காரவைத்து சாக்லெட் கொடுத்தார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். “ஒங்க அம்மா பேரு என்னடா?”

பிள்ளை என்னைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தாள். எத்தனை மாதம் கழித்துப் பார்க்கிறாள்! “லூசு.”

“அப்படிச் சொல்லக் கூடாது. நெஜப் பேரு சொல்லு.”

“அதான் நெஜப் பேரு. அப்பா, அப்பத்தா, சகாயம் அத்தை எல்லாரும் லூசுன்னுதான் கூப்புடுவாங்க.”

அத்தை குனிந்து ஜெபமாலையை உருட்டினார். சகாயமேரி துப்பட்டாவால் வாயை மூடினாள். அழுகிறாளோ என்று நினைத்தேன். தோள் குலுங்கியது, சிரிப்பு.

“அது சுருக்கப் பேரு மேடம்! லூசியான்னா வெளிச்சம் மேடம்! வெளிச்சம்!” என்று எழுந்து கத்திவிட்டேன். நாற்காலி விழுந்தது. ஆக்னஸ் பயந்துபோய் அப்பத்தா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மேடம் ஏதோ எழுதிக்கொண்டார்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். இருந்திருக்கலாம்தானே?

சாட்சி சொன்னது பிள்ளை. உயிர் போனது எனக்கு.

அக்டோபர் 30

தீர்ப்பு வந்துவிட்டது. பிள்ளை அவர்களிடம்தான். எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஃபோன். மேல் கோர்ட்டுக்குப் போகலாம் என்கிறான் அண்ணன்.

நவம்பர் 16, ஞாயிறு

ஃபோனை எடுத்ததுமே ஆக்னஸ், “லூசும்மா!” என்றாள். “அம்மா பேரு செவந்தி, பூவு பேருடா கண்ணு” என்றேன். அத்தை பின்னாலிருந்து, “பேரையே மாத்திச் சொல்றா பாரு, முத்திப்போச்சு” என்றார். ஃபோன் கட்.

நவம்பர் 30, ஞாயிறு

போன ஞாயிறும் இன்றும் நான் கூப்பிட்டால் யாரும் எடுக்கவில்லை.

டிசம்பர் 13, சனி

ஃபோன் மணி அடித்தது. அவர்கள் நம்பர். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள். பின்னால் யார் யாரோ சிரிக்கும் சத்தம், புதிதாக ஒரு பெண் குரலும்.

“இன்னைக்கு ஒன் ஃபீஸ்ட்டுன்னு அப்பத்தா சொன்னாங்க. லூசும்மாவா பேசுறது?”

சிரிப்பு நின்றது. எல்லாரும் காத்திருந்தார்கள்.

“ஆமா கண்ணு, லூசும்மாதான் பேசுறேன். சாப்புட்டியா?” என்றேன்.